குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க பழைய பேஸ்பால் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் யாருக்கும் பேஸ்பால் தெரியாது. படம் புரியுமா?

தாராளமாகப் புரியும். ஆனாலும் குழந்தைகள் நடுவில் “இப்போ ஏன் அவன் அவுட்?” என்று கேட்பார்கள், அதற்கு இவ்வளவு தெரிந்திருந்தால் போதும். பந்து வீசுகிறவர் பிட்சர், மட்டைக்காரருக்குப் பின்னால் முகக்கவசத்தோடு குந்தியிருப்பவர் கேட்சர். பந்து தரையில் குத்தாமல் நேராக வரும். அடித்தவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ் என்று மூன்று நிலைகளைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். மூன்று நல்ல பந்தைக் கோட்டை விட்டால் அவுட், மூன்று பேர் அவுட் ஆனால் அடுத்த அணி அடிக்க வரும், இப்படி ஒன்பது இன்னிங்ஸ். கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் விசித்திரமாக இருக்கும்: பின்பக்கம் அடித்தால் ரன் கிடையாது, முன்னால் விரிகிற அந்தக் கால்வட்டத்துக்குள்தான் பந்து விழ வேண்டும். வேலியைத் தாண்டிப் போனால் ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி.

இன்னொன்றும் சொல்லி வையுங்கள். இந்த ஆட்டத்துக்கு இத்தனை நிமிடம் என்ற நேர வரம்பு கிடையாது. கடைசி ஆள் அவுட் ஆகும் வரை தோற்ற அணி என்று யாரையும் சொல்ல முடியாது. படங்களில் கடைசி நிமிடம் அவ்வளவு நீளமாக இழுப்பது இதனால்தான்.

முதலில் எந்தப் படத்தை ஆரம்பிக்கலாம்?

‘தி சாண்ட்லாட்’, 1993. யோசிக்கவே வேண்டாம். ஆறு வயதுக் குழந்தையும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே சோபாவில் உட்கார்ந்து சிரிக்கிற படம் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்.

கதை 1962 கோடைகாலம், லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு. ஸ்மால்ஸ் என்ற பையன் ஊருக்குப் புதுசு, நண்பர்கள் இல்லை, பந்து எறியத் தெரியாது. வீட்டில் புது அப்பா, அதாவது அம்மாவின் இரண்டாவது கணவர், ஒன்றிரண்டு தடவை கேட்ச் சொல்லிக் கொடுக்கப் பார்க்கிறார், கடைசியில் பந்து பையனின் கண்ணில் பட்டு வீங்கிப் போகிறது. பக்கத்துப் பொட்டல் மைதானத்தில் எட்டுப் பையன்கள் தினமும் விளையாடுகிறார்கள். ஒரு அணிக்கு ஒன்பது பேர் வேண்டும். அங்கே போய் நிற்கிறான், பந்து வருகிறது, விட்டுவிடுகிறான், எடுத்து எறியத் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கொடுக்கிறான், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

அப்புறம் வருகிற காட்சிக்காகவே இந்தப் படத்தைப் பார்க்கலாம். அந்தக் கூட்டத்தின் சிறந்த ஆட்டக்காரன் பென்னி ஸ்மால்ஸிடம் வந்து, நீ கிளவுஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நில், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். எப்படி எறிவது என்று இவன் கேட்க, நீ எப்போதாவது வீடு வீடாகப் பேப்பர் போட்டிருக்கிறாயா, அதே மாதிரி எறி, அவ்வளவுதான் என்று விளக்குகிறான். திரும்பிப் போய் மட்டையை எடுத்து ஓங்கி அடிக்கிறான். பந்து வானத்தில் ஏறி வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிற ஸ்மால்ஸின் கிளவுஸுக்குள் சரியாக விழுகிறது. திறமை உள்ள ஒரு பையன், தன் திறமையைக் காட்டுவதற்கு அல்ல, இன்னொருவன் தலைநிமிர்ந்து நிற்பதற்குப் பயன்படுத்துகிறான். எங்கள் வீட்டில் இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கைதட்டுவார்.

மீதிக் கதை நம் தெருவில் வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். பந்து பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டி விழுகிறது, அங்கே ‘பீஸ்ட்’ என்று எல்லோரும் நடுங்குகிற மாஸ்டிஃப் நாய். ஆனால் அது சாதாரணப் பந்து இல்லை, பேப் ரூத் கையெழுத்துப் போட்ட, அப்பாவின் அலமாரியிலிருந்து கேட்காமல் எடுத்து வந்த பந்து. பேப் ரூத் யாரென்றே தெரியாத ஸ்மால்ஸ் அதை ஏதோ ஒரு பெண் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். (குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பேப் ரூத் 714 ஹோம் ரன் அடித்தவர், அவர் காலத்தில் அவரைத் தெரியாத அமெரிக்கர் இல்லை.) வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் முதியவராக ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் வருகிறார். வருவது கொஞ்ச நேரம்தான், ஆனால் படம் முடிந்த பிறகு அவர் முகம்தான் நிற்கும்.

அதில் குழந்தைகளுக்கு ஒத்துவராத காட்சி ஏதாவது?

இரண்டு இடம். பையன்கள் திருட்டுத்தனமாகப் புகையிலை மென்றுவிட்டு ராட்டினத்தில் ஏறி வாந்தி எடுப்பார்கள். நல்ல பாடம்தான், சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள். நீச்சல்குளத்தில் ஒரு பையன் மூழ்குகிற மாதிரி நடித்து, காப்பாற்ற வந்த பெண்ணுக்கு முத்தம் கொடுத்துவிடுவான். படம் அதை வேடிக்கையாகக் காட்டுகிறது. சம்மதம் கேட்காமல் அப்படிச் செய்யக் கூடாது என்று நான் அங்கேயே நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன், நீங்களும் சொல்லுங்கள்.

‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’ பற்றி எல்லோரும் சொல்கிறார்களே, குழந்தைகளுக்குப் போரடிக்காதா?

சின்னக் குழந்தைகளுக்குப் போரடிக்கும். பத்துப் பதினொரு வயதுக்கு மேல் சரி. ஆனால் இந்தப் படம் உண்மையில் அப்பாக்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும்தான்.

1989-இல் வந்தது, கெவின் காஸ்ட்னர் நடித்தது, டபிள்யூ. பி. கின்செல்லாவின் ‘ஷூலெஸ் ஜோ’ நாவலிலிருந்து எடுத்தது. ஐயோவா மாநிலத்தில் மக்காச்சோளம் பயிரிடுகிற ரே என்ற விவசாயிக்கு ஒரு குரல் கேட்கிறது: நீ கட்டினால் அவர் வருவார். யார் வருவார், எதைக் கட்ட வேண்டும் என்று குரல் சொல்லவில்லை. இவர் விளைந்து நிற்கிற சோளத்தை உழுது அழித்துவிட்டு பேஸ்பால் மைதானம் போடுகிறார். ஊர் சிரிக்கிறது, கடன் கழுத்தை நெரிக்கிறது, மனைவி மட்டும் கூடவே நிற்கிறாள். ஒரு சாயங்காலம், என்றோ இறந்துபோன ஆட்டக்காரர் ஒருவர் அந்த மைதானத்தில் வந்து நிற்கிறார்.

இனிமேல் முடிவைச் சொல்லப் போகிறேன், தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

ரே பதினான்கு வயதில் அப்பாவோடு கேட்ச் விளையாட மாட்டேன் என்று சொன்னவன். பதினேழு வயதில் அப்பா தெய்வமாக நினைத்த ஆட்டக்காரரைக் குற்றவாளி என்று திட்டிவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பியவன். மன்னிப்புக் கேட்பதற்குள் அப்பா போய்விட்டார். கடைசிக் காட்சியில் கேட்சர் முகக்கவசத்தைக் கழற்றுகிற இளைஞனைப் பார்க்கிறான், அது அப்பா. வாழ்க்கை அடித்துப் போடுவதற்கு முன்னால் இருந்த, ரே ஒருநாளும் பார்த்திராத வயதில் இருக்கிற அப்பா. இரண்டு பேரும் தயங்கித் தயங்கிப் பேசிக்கொள்கிறார்கள். அப்பா திரும்பி நடக்கும்போதுதான் ரேவுக்குக் குரல் உடைகிறது: “அப்பா, கேட்ச் விளையாடலாமா?”

அவ்வளவுதான். இரண்டு ஆண்கள் பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறிந்துகொள்கிறார்கள். மன்னித்துவிடு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. நம் அப்பாக்களும் அதிகம் பேசாதவர்கள்தானே, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்ததில்தான் எல்லாவற்றையும் சொன்னார்கள். என் அப்பா இறந்து இரண்டு வருடம் கழித்து இந்தப் படத்தை மறுபடி பார்த்தேன், அந்தக் காட்சி வந்ததும் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

அதில் வருகிற ஆட்டக்காரர்கள் நிஜ மனிதர்களா?

சிலர் நிஜம். ஷூலெஸ் ஜோ ஜாக்சன் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் பெரிய நட்சத்திரம். 1919 உலகத் தொடரில் (அமெரிக்காவில் அந்த வருடத்து சாம்பியனைத் தீர்மானிக்கிற தொடர்) சூதாடிகளிடம் காசு வாங்கிக்கொண்டு சின்சினாட்டி ரெட்ஸிடம் வேண்டுமென்றே தோற்றார்கள் என்று எட்டுப் பேர் மீது குற்றச்சாட்டு. 1921-இல் நீதிமன்றம் விடுதலை செய்தும், ஆட்டத்தின் ஆணையர் லாண்டிஸ் எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை போட்டுவிட்டார். ஜாக்சன் அந்தத் தொடரில் 12 ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை எட்டுவது) அடித்தவர், தோற்க நினைத்தவன் இப்படியா அடிப்பான் என்ற வாதம் நூறு வருடமாக ஓய்ந்தபாடில்லை. இறந்துபோன ஆட்டக்காரர்கள் மீதான ஆயுள் தடை 2025 மே மாதம் நீக்கப்பட்டபோது அவர் பெயரும் அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு சின்ன விஷயம், நிஜ ஜாக்சன் இடது கையால் மட்டை பிடித்தவர், படத்தில் அவராக நடித்த ரே லியோட்டா வலது கையால் அடிப்பார்.

மூன்லைட் கிரஹாமும் நிஜம். 1905-இல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்காக ஒரே ஒரு ஆட்டம் களம் இறங்கினார், மட்டை பிடிக்கும் முறை வரவே இல்லை. அப்புறம் டாக்டராகி மினசோட்டாவில் சிஷோம் என்ற சின்ன ஊரில் பல பத்தாண்டுகள் வைத்தியம் பார்த்தார். படம் அவருடைய வருடங்களை மாற்றியிருக்கிறது, ஆளை மாற்றவில்லை.

அந்தச் சோளக்காட்டு மைதானம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, ஐயோவாவில் டயர்ஸ்வில் என்ற ஊருக்கு வெளியே. 2021 ஆகஸ்ட் 12 அன்று அதற்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு மைதானம் போட்டு நிஜமான லீக் ஆட்டமே நடத்தினார்கள். ஆட்டக்காரர்கள் படத்தில் வருகிற மாதிரியே சோளத்துக்குள்ளிருந்து நடந்து வந்தார்கள், ஒயிட் சாக்ஸ் 9–8 என்று யாங்கீஸை வென்றது, அதுவும் கடைசி இன்னிங்ஸில் டிம் ஆண்டர்சன் அடித்த ஹோம் ரன்னில். பந்து சோளத்துக்குள்ளேயே போய் விழுந்தது.

மகளோடு சேர்ந்து பார்க்க?

‘எ லீக் ஆஃப் தெயர் ஓன்’, 1992, இயக்கியவர் பென்னி மார்ஷல். மகன் இருந்தாலும் இதைக் காட்டுங்கள்.

இரண்டாம் உலகப்போரில் ஆண் ஆட்டக்காரர்கள் பட்டாளத்துக்குப் போய்விட, சூயிங் கம் முதலாளியும் சிகாகோ கப்ஸ் அணியின் சொந்தக்காரருமான ஃபிலிப் ரிக்லி 1943-இல் பெண்களுக்காக ஒரு லீக் ஆரம்பித்தார். 1954 வரை நடந்தது, 600 பெண்களுக்கு மேல் ஆடியிருக்கிறார்கள். இதெல்லாம் வரலாறு. படம் அதற்குள் டாட்டி, கிட் என்று அக்கா தங்கை இருவரை வைக்கிறது. அக்காவுக்கு எல்லாம் தானாக வரும், தங்கை உயிரைக் கொடுத்தாலும் அக்காவின் நிழல் விலகாது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தப் படத்தைப் போட்டால் மூத்தது ஒரு கட்சி, இளையது ஒரு கட்சி என்று பிரிந்துவிடும். கடைசி ஆட்டத்தில் அக்கா பந்தை வேண்டுமென்றே விட்டாளா, தானாக விழுந்ததா? இயக்குநர் பதில் சொல்லவில்லை. விழுந்தது என்பதுதான் என் கட்சி. தங்கைக்கு அந்த வெற்றி சொந்தமாக இருக்க வேண்டும்.

மார்லா என்ற பெண் பள்ளிக்கூட ஜிம்முக்குள் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று அடித்து ஜன்னல் கண்ணாடியை உடைப்பாள். ஆள் எடுக்க வந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கிளம்புவார். அக்காவும் தங்கையும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இவளை விட்டுவிட்டு நாங்கள் வரமாட்டோம் என்று நின்றுவிடுவார்கள். தாயில்லாமல் அவளை வளர்த்த அப்பா வந்து, பையனை வளர்க்கிற மாதிரி வளர்த்தது என் தப்பு, அதற்கு அவளைத் தண்டிக்காதீர்கள் என்று கெஞ்சுவார். அழகாக இல்லை என்று ஒரு திறமைசாலியை ஒதுக்குவது எவ்வளவு அநியாயம் என்பதைப் பெண் குழந்தைக்கு நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு காட்சி சில விநாடிகள்தான் வரும், கண் சிமிட்டினால் தவறிவிடும். பந்து மைதானத்துக்கு வெளியே ஓடிவிட, அங்கே நிற்கிற கறுப்பினப் பெண் அதை எடுத்து, கேட்டவளின் தலைக்கு மேலாக அடுத்தவளுக்குப் போய்ச் சேரும்படி பலமாக எறிந்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுவாள். அந்த லீக் கறுப்பினப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. நிறுத்தி, திரும்பப் போட்டு, குழந்தைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

போர்க்களத்தில் இறந்த கணவனைப் பற்றித் தந்தி வருகிற காட்சி சின்னக் குழந்தைகளைக் கலக்கிவிடும். டாம் ஹாங்க்ஸ் அணியை வழிநடத்துகிற குடிகார மேனேஜராக வந்து நிறையக் கத்துவார், ‘பேஸ்பாலில் அழுகைக்கு இடமில்லை’ என்று அவர் கத்துவது அமெரிக்காவில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. ஒன்பது வயதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

பத்து வயதுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு லேசாக ஏதாவது?

‘ரூக்கி ஆஃப் தி இயர்’, 1993. கை உடைந்த பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தசைநாண் இறுகிப்போய் அசுர வேகத்தில் பந்து வீச வந்துவிடுகிறது, சிகாகோ கப்ஸ் அணியில் சேர்த்துக்கொள்கிறார்கள். படம் வந்த சமயத்தில் கப்ஸ் 1908-க்குப் பிறகு உலகத் தொடரை வென்றதே இல்லை (2016-இல்தான் மறுபடி வென்றார்கள்), அது தெரிந்தால் இன்னும் ரசிக்கும். அம்மாவுக்கு இதில் ஒரு நல்ல இடம் இருக்கிறது, கிளவுஸில் ஒட்டியிருக்கிற பட்டையை உரிக்கிற காட்சிக்குக் காத்திருங்கள். ‘ஏஞ்சல்ஸ் இன் தி அவுட்ஃபீல்ட்’ 1994-இல் வந்ததும் சின்னவர்களுக்குப் பிடிக்கும், ஆனால் அதில் அப்பா பையனை விட்டுவிட்டுப் போகிற கதை இருக்கிறது, மென்மையான குழந்தை என்றால் பக்கத்தில் இருங்கள்.

தாத்தா பாட்டிக்கு?

‘தி ப்ரைட் ஆஃப் தி யாங்கீஸ்’, 1942, கறுப்பு வெள்ளை. தொடர்ச்சியாக 2,130 ஆட்டம் ஆடிய லூ கெரிக், உடல் தசைகள் செயலிழக்கிற நோய் வந்து 1939 ஜூலை 4 அன்று நிறைந்த மைதானத்தில் விடைபெற்றார், பூமியிலேயே தான்தான் அதிர்ஷ்டசாலி என்று சொல்லிவிட்டு. 1941-இல் இறந்தார், அடுத்த வருடமே படம். கேரி கூப்பர் கெரிக்காக நடிக்க, பேப் ரூத் பேப் ரூத்தாகவே வருகிறார். மெதுவாகத்தான் போகும். பழைய சிவாஜி படங்களை நிதானமாக ரசித்துப் பார்த்தவர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

உண்மைக் கதை வேண்டும், ஆனால் சோகம் வேண்டாம்.

‘தி ரூக்கி’, 2002, டென்னிஸ் க்வைட். டெக்சாஸில் பிக் லேக் என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜிம் மோரிஸ், தன் மாணவர் அணி ஜெயித்தால் தானும் பெரிய அணிக்கு ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்கிற இடத்துக்குப் போகிறேன் என்று பந்தயம் கட்டுகிறார். அணி ஜெயித்துவிடுகிறது. அந்தத் தேர்வுக்குத் தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், நடுவில் குழந்தைக்கு டயப்பர் மாற்றிவிட்டு வந்து வீசுகிறார், வேகம் மணிக்கு 98 மைல். 1999-இல் 35 வயதில் பெரிய லீக்கில் (மேஜர் லீக், அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலை) முதல் ஆட்டம் ஆடினார். படத்தில் எனக்குப் பிடித்தது வேறொரு காட்சி. ராத்திரி, ஆளில்லாத சாலையோரம் வண்டிகளின் வேகம் காட்டுகிற பலகை. அதற்கு முன்னால் பந்தை எறிந்து பார்க்கிறார், 76 என்று காட்டுகிறது. இவ்வளவுதான் நாம் என்று காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அவர் போன பிறகு பலகையில் எரியாமல் இருந்த விளக்கு மினுக்கி எரிய, 76 என்பது 96 ஆகிறது.

‘42’ படத்தை எந்த வயதில் காட்டலாம்?

பன்னிரண்டு, பதிமூன்று. 1947 ஏப்ரல் 15 அன்று கறுப்பினத்தவருக்குப் பெரிய லீக்கில் இருந்த நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனின் கதை, சாட்விக் போஸ்மன் நடித்தது. எதிரணி மேனேஜர் வாய்க்கு வந்தபடி இன வசை பாடுகிற காட்சி நீளமானது, காதால் கேட்க முடியாது, ஆனால் நடந்தது அது. நம் ஊரில் யார் யாரை எந்தப் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள் என்று பிள்ளைகளே கேட்பார்கள், பதிலோடு உட்காருங்கள்.

இந்தியர்கள் வருகிற பேஸ்பால் படம் இருக்கிறதாமே?

‘மில்லியன் டாலர் ஆர்ம்’, 2014, டிஸ்னி தயாரிப்பு, இசை நம்ம ஏ. ஆர். ரஹ்மான். உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள், பேஸ்பாலைக் கையால் தொட்டதில்லை. வேகப் பந்து போட்டி ஒன்றில் தேர்வாகி அமெரிக்கா போய் 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். படம் அந்தப் பையன்களைவிட அவர்களைக் கண்டுபிடித்த ஏஜென்ட்டைத்தான் அதிகம் பார்க்கிறது, அது எனக்குக் குறைதான். பையன்கள் வருகிற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது, ரஹ்மான் இசைக்காக ஒருமுறை பார்க்கலாம்.

பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாத படங்கள்?

‘புல் டரம்’, ‘மேஜர் லீக்’ இரண்டும் நல்ல படங்கள், பெரியவர்களுக்கு மட்டும். ‘தி பேட் நியூஸ் பேர்ஸ்’ 1976-இல் வந்த முதல் படம் குழந்தைகளின் அணியைப் பற்றியதுதான், ஆனால் அந்தக் குழந்தைகள் பேசுகிற பேச்சு வீட்டில் கேட்கிற மாதிரி இருக்காது. நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படம் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கிளவுஸ் வேண்டும் என்கிறார்கள். என்ன வாங்குவது?

முதல் வாரம் எதுவும் வாங்க வேண்டாம், டென்னிஸ் பந்து போதும். நிஜ பேஸ்பால் கிரிக்கெட் பந்து மாதிரி கல்லாக இருக்கும், முகத்தில் பட்டால் ஸ்மால்ஸ் கதிதான். ஆர்வம் குறையாமல் இருந்தால் கிளவுஸ் வாங்குங்கள், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வலது கையால் எறிகிற குழந்தைக்கு கிளவுஸ் இடது கையில் மாட்ட வேண்டும். கடையில் எல்லோரும் இதைத்தான் தலைகீழாக வாங்கிவிடுகிறார்கள். புதுத் தோல் விறைப்பாக இருக்கும், பந்தை உள்ளே வைத்துக் கயிற்றால் கட்டி ராத்திரி அப்படியே விட்டால் நாலைந்து நாளில் கைக்குப் பழகிவிடும். அப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்கு வெயில் தாழ்ந்ததும் மாடிக்குப் போய், பத்தடி தள்ளி நின்று, கீழ்க்கையால் மெதுவாக எறிய ஆரம்பியுங்கள். போனைக் கீழேயே வைத்துவிட்டுப் போங்கள், இரண்டு கையும் வேண்டும்.